கோடு கோணினால் குற்றமா?

"அப்பா, இது நல்லா இருக்கா?"

பையன் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நோட்டில் ஒரு சொம்பு. சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் வாய் இடது பக்கம் பெரிது, வலது பக்கம் சிறிது.

அப்பா என்ன சொல்லப்போகிறார்?

அரை நிமிஷப் பேச்சுதான். ஆனால் அந்த அரை நிமிஷத்தில் ஒரு காரியம் முடிவாகிவிடுகிறது. பையன் நாளைக்கு இன்னொரு சொம்பு போடுவானா? அல்லது நோட்டை மூடி அலமாரிக்குள் போட்டுவிடுவானா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படம் போடப் பழகுகிறார்கள். ஓவிய வகுப்புக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. டிராயிங் மாஸ்டர் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பார்ப்பார். மற்ற நாட்களில் பிள்ளை யாரிடம் நோட்டைக் காட்டும்? அப்பாவிடம், அம்மாவிடம், அக்காவிடம், தாத்தாவிடம்.

"எங்களுக்கு ஓவியம் தெரியாதே! நாங்கள் என்ன சொல்வது?" என்று கேட்பீர்கள்.

ஓவியம் தெரிய வேண்டும் என்பது இல்லை. பார்க்கத் தெரிந்தால் போதும். பார்த்ததைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

மூன்று பதில்கள்

பெரும்பாலான வீடுகளில் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும்.

முதல் பதில்: "அடடா, பிரமாதம்! பெரிய ஓவியனா வருவே!"

சொல்கிறவர் நோட்டை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. பிள்ளைக்கு அது தெரியும். சொம்பு கோணல் என்பதும் அதற்குத் தெரியும். கோணல் சொம்புக்கும் பிரமாதம், நேரான சொம்புக்கும் பிரமாதம் என்றால், அந்தப் பிரமாதத்துக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது பதில்: "இது சொம்பா, சுரைக்காயா?"

வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளையும் கூடச் சிரிக்கும். ஆனால் மறுபடியும் நோட்டை எடுத்துக்கொண்டு வராது.

மூன்றாவது பதில் வாயால் சொல்வது அல்ல. அப்பா பென்சிலைப் பிடுங்குகிறார். "இப்படியா போடறது? இங்கே பார்!" என்று பிள்ளையின் கோட்டுக்கு மேலேயே அழுத்தி ஒரு கோடு போடுகிறார். சொம்பு இப்போது நேராகிவிட்டது. ஆனால் அது அப்பாவின் சொம்பு. பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: "எனக்கு வராது."

மூன்று பதில்களும் கெட்ட எண்ணத்தில் வருவன அல்ல. ஆனால் மூன்றுக்கும் ஒரே குறை. அடுத்த கோட்டை எப்படிப் போடுவது என்று எதுவும் சொல்லவில்லை.

வாசலில் ஒரு பள்ளிக்கூடம்

சரி, எப்படித்தான் சொல்வது? நம் வீட்டு வாசலிலேயே விடை இருக்கிறது.

விடியற்காலையில் வாசல் தெளித்து அம்மா கோலம் போடுகிறாள். பக்கத்தில் சின்ன மகள் உட்கார்ந்து ஒரு ஓரத்தில் தானும் இழுத்துப் பார்க்கிறாள். நேர்ப்புள்ளி வைக்கிறாள். பிறகு சந்துப்புள்ளி. அதன் பிறகு சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கோடு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும்.

சிறுமி தப்பு செய்கிறாள். அம்மா என்ன சொல்கிறாள்?

"மூணாவது வரிசையிலே ஒரு புள்ளியைச் சுத்தாம விட்டுட்டே, பாரு."

அவ்வளவுதான். "உனக்குக் கோலமே வராது" என்று சொல்வதில்லை. "உலகத்திலேயே அழகான கோலம்" என்றும் சொல்வதில்லை. எந்த வரிசை, எந்தப் புள்ளி என்று இடத்தைக் காட்டுகிறாள். மகள் அதைச் சரிசெய்கிறாள். சரிசெய்ய முடியாவிட்டாலும் கவலை இல்லை. நாளைக் காலையில் வாசலில் தண்ணீர் தெளித்தால் இன்றைய தப்பு போய்விடும். புதிதாக ஒரு வாசல் காத்திருக்கும்.

இடத்தைக் காட்டு. ஒரு தப்பை மட்டும் சொல். மறுநாள் மறுபடியும் போட விடு. கோலம் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான்.

"எனக்குப் படம் போடத் தெரியாது" என்று சொல்லும் தாய்மார்கள் பலர். இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குப் போடுகிற கைக்கு ஓவியம் தெரியாதா? வீட்டின் முதல் டிராயிங் மாஸ்டர் அம்மாதான்!

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இந்த வழிதான் இருந்தது. பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள். தப்பாக எழுதினால் மணலைத் தடவிவிட்டு மறுபடியும் எழுதுவார்கள். சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்தவர் ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார். மணலில் எழுதும் இந்த முறையைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். கொஞ்சம் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவியது.

அண்ணன் நோட்டைத் தம்பியும், தம்பி நோட்டை அண்ணனும் பார்த்துச் சொன்னால், அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான்.

கோட்டுக்குப் பேர்போன சீமை

படம் போடுவது எங்கேயோ பட்டணத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் சீமைக்கும் சித்திரத்துக்கும் பழைய சொந்தம் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை என்று ஒரு கிராமம். அங்கே பாறைகளில் பழங்கால மனிதர்கள் சிவப்பு வண்ணத்தில் உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள். பென்சில் இல்லை, காகிதம் இல்லை. கோடு மட்டும் இருந்தது.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு இருக்கிறது. பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு குகைக் கோயிலைக் குடைவித்தான். பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் அது கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலும் பொறித்துவைத்தான். அந்த அரசனுக்குப் பல பட்டப் பெயர்கள். அவற்றில் ஒன்று "சித்திரகாரப்புலி". சித்திரக்காரர்களுக்குள் புலி என்று பொருள். நாட்டை ஆண்ட மன்னன், படம் போடுவதையும் பெருமையாக நினைத்தான்!

அதே மாவட்டத்தில் பனைமலை. அங்கே மலைமேல் இருக்கும் சிவன் கோயில், பிற்காலப் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் ஒரு தேவியின் ஓவியம். தலைக்கு மேலே குடை. ஒரு காலை மடக்கி, உடலை லேசாகச் சாய்த்து, சிவபெருமானின் ஆட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். வண்ணம் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் கோடு நிற்கிறது. முகத்தின் வளைவும் இடுப்பின் சாய்வும் இன்றைக்கும் தெரிகின்றன.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அங்கே அழைத்துப்போங்கள். "வண்ணம் போன பிறகும் எது நிற்கிறது, பார்" என்று காட்டுங்கள். கோடு போட்டுப் பழகுவது எதற்கு என்று பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

முதல் பாடம்: நேர்கோடு

இப்போது நோட்டுக்கு வருவோம். முதலில் பழகுகிறவர்களுக்கு மாஸ்டர் கொடுக்கும் பயிற்சிகள் எளிமையானவை. நேர்கோடு, வட்டம், டம்ளர், பெட்டி, கடைசியில் நிழல். ஒவ்வொன்றிலும் எதைப் பார்ப்பது, எப்படிச் சொல்வது?

நேர்கோடு போடும்போது பிள்ளைகள் பென்சில் முனையையே உற்றுப் பார்க்கிறார்கள். விரலை மட்டும் அசைக்கிறார்கள். அதனால் கோடு நடுங்குகிறது. அல்லது எறும்பு ஊர்ந்த மாதிரி விட்டு விட்டு வருகிறது.

"நடுங்குது" என்று சொல்லிப் பயன் இல்லை. ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். "பென்சிலைப் பார்க்காதே. போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார். முழங்கையோடு சேர்த்துக் கையை இழு" என்று சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவன் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் விழுந்துவிடுவான் அல்லவா? அதே கதைதான்.

பத்துக் கோடு போட்டதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பத்திலே உனக்கு எது பிடிச்சிருக்கு?"

பிள்ளை ஒன்றைக் காட்டும். "அதைப் போடும்போது கை எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். இப்போது திருத்துகிறவர் நீங்கள் அல்ல. பிள்ளை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது!

ரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்துவையுங்கள். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வட்டமும் வளையலும்

அடுத்தது வட்டம். ஒரே இழுப்பில் போட்டால் முட்டை மாதிரி வரும். பென்சிலைத் தாளில் வைக்காமல், மேலாகவே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் தாளைத் தொடச் சொல்லுங்கள்.

வட்டம் சரியா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அம்மாவின் வளையல் ஒன்றைக் கொடுங்கள். பிள்ளை அதை வட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் பிதுங்குகிறது, எந்தப் பக்கம் ஒட்டிப் போயிருக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும். வளையல் கோபித்துக்கொள்ளாது. கேலியும் செய்யாது!

ஆனால் ஒன்று. வளையலை வைத்து வட்டம் வரையக்கூடாது. வரைந்த பிறகு சோதிக்க மட்டும்தான் வளையல்.

டம்ளரின் அடிப்பாகம்

டம்ளர் போடச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்வார்கள். மேலே வாயை வளைவாகப் போடுவார்கள். அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக முடிப்பார்கள்.

ஏன்? மேஜை தட்டையாக இருக்கிறது. டம்ளர் அதன்மேல் ஆடாமல் நிற்கிறது. ஆகவே அடியும் தட்டையாகத்தான் இருக்கும் என்று மூளை சொல்கிறது. கண் பார்த்ததைக் கை போடவில்லை. மூளை நினைத்ததைப் போட்டுவிட்டது.

இந்த இடத்தில் நோட்டைத் தொடாதீர்கள். பிள்ளையை டம்ளரிடம் அழைத்துப்போங்கள். முதலில் நின்றுகொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வாய் அகலமாகத் தெரியும். பிறகு மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். குனியக் குனிய வாய் ஒடுங்கும். கண்ணும் டம்ளர் வாயும் ஒரே மட்டத்துக்கு வந்ததும், வாய் வெறும் கோடாகிவிடும்! மறுபடியும் எழுந்து நின்று அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியும் வளைவுதான். அதுவும் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலான வளைவு. ஏனென்றால் அடிப்பாகம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது.

சாய்ந்த சொம்புக்கும் இதே வைத்தியம்தான். கொத்தனார் சுவர் கட்டும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் பிள்ளை பார்த்திருக்கும். ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டிக் கொடுங்கள். நூலைச் சொம்புக்கு முன்னால் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். பிறகு நோட்டைச் சுவரில் நிமிர்த்திப் பிடித்து, படத்துக்கு முன்னாலும் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். சாய்வு பளிச்சென்று தெரிந்துவிடும். படத்தைக் கண்ணாடிக்கு முன் காட்டினாலும் தெரியும். கண்ணாடியில் இடம் வலம் மாறும்போது, பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அகப்பட்டுக்கொள்ளும்.

நோட்டைத் திருத்த வேண்டாம். கண்ணைத் திருத்துங்கள். கை பின்னாலேயே வரும்.

விழுப்புரம் தண்டவாளம்

அடுத்தது பெட்டி. தீப்பெட்டியோ, டிரங்குப் பெட்டியோ, எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு ஒரு குழப்பம் வரும். தூரத்தில் இருக்கும் பக்கம் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அதற்குத் தெரியும். எதைப் போடுவது?

விழுப்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் ரயில் பாதை போகிறது. ஸ்டேஷனில் பயணிகள் நடக்கும் மேம்பாலத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். தண்டவாளத்தைக் காட்டுங்கள். அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லி மீட்டர் இடைவெளி. ஐந்தரை அடி. சென்னை வரைக்கும் அதே ஐந்தரை அடிதான். ஆனால் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? போகப் போக ஒடுங்கி, தூரத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது!

"பெட்டியோட ஓரமும் அந்தத் தண்டவாளம் மாதிரிதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

திண்டிவனத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை நெடுஞ்சாலை இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பனைமரங்கள் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் பனை பெரிது. தூரத்துப் பனை சிறிது. பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பனையின் உயரத்தில் தூரத்துப் பனை எத்தனையில் ஒரு பங்கு? எண்ணிச் சொல்லட்டும்.

கடைசிப் பாடம் நிழல். ஒரு முட்டையை ஜன்னல் ஓரமாக வைத்துப் போடச் சொன்னால், பிள்ளை முட்டை முழுவதும் கறுப்பாக்கிக்கொண்டு வரும். "கரியா பூசியிருக்கே?" என்று கேட்காதீர்கள். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேளுங்கள். அது ஜன்னலைக் காட்டும். "அப்போ அந்தப் பக்கம் எப்படி இருக்கணும்?" இரண்டே கேள்வி. பதில் பிள்ளையிடமே இருக்கிறது.

27 வயதில் ஆனா ஆவன்னா

"என் பையனுக்கு வயது பதினைந்து ஆகிவிட்டது. இனிமேலா பழகுவது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. உண்மைக் கதை.

ஹாலந்து நாட்டில் வின்சென்ட் வான்கோ என்று ஒருவர். படம் விற்கும் கடையில் வேலை பார்த்தார். நிலைக்கவில்லை. வாத்தியார் வேலை பார்த்தார். புத்தகக் கடையில் இருந்தார். பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மதபோதகராகப் போனார். அந்த வேலையும் போயிற்று. 1880-ல் "இனி ஓவியம்தான்" என்று முடிவு செய்தார். அப்போது வயது 27.

சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த பயிற்சித் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டார். நம் பிள்ளைகள் போடுகிற அதே அடிப்படைப் பயிற்சிதான்!

1881 கடைசியில் அன்டன் மோவ் என்ற பெரிய ஓவியரிடம் போனார். மோவ் அவருக்கு உறவினரும்கூட. மோவ் வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். பண உதவியும் செய்தார். மாணவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

பிறகு சண்டை வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த கை, கால் பொம்மைகளைப் பார்த்துப் படம் போடும்படி மோவ் சொன்னார். வான்கோவுக்கு உயிருள்ள மனிதர்களைப் பார்த்துப் போட ஆசை. மோவ் பேசிய பேச்சு, ஓவியப் பள்ளியின் மிக மோசமான வாத்தியார்கூடப் பேசாத பேச்சு என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொம்மைகளைக் கரித்தொட்டியில் போட்டு உடைத்தார்.

கவனியுங்கள். மோவ் சொன்ன பயிற்சி தப்பான பயிற்சி அல்ல. உலகம் முழுவதும் ஓவியப் பள்ளிகளில் இருந்த பயிற்சிதான். சொன்ன விதம்தான் உடைத்துவிட்டது.

ஆனாலும் மாணவன் நன்றி மறக்கவில்லை. 1888-ல் மோவ் இறந்தார். செய்தி கிடைத்ததும், பூத்துக் குலுங்கும் பீச் மரத்தை வரைந்த தன் படம் ஒன்றில் "மோவ் நினைவாக" என்று எழுதி, அவருடைய மனைவிக்கு அனுப்பச் செய்தார் வான்கோ. 1890-ல் அவரும் 37 வயதில் இறந்தார். இன்றைக்கு உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் அவருடைய படங்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

மார்க்கா, வார்த்தையா?

"பத்துக்கு நாலு" என்று மார்க் போட்டுவிட்டால் என்ன? சுலபமாக இருக்குமே!

இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்ற ஆராய்ச்சியாளர் 5, 6-ம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும் கொடுத்தார். இன்னொரு பிரிவுக்கு, செய்த வேலையைப் பற்றி எழுத்தில் குறிப்பு மட்டும் கொடுத்தார். மூன்றாவது பிரிவுக்கு மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தார். முடிவை 1988-ல் வெளியிட்டார்.

குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆர்வமும் குறையவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண் குறிப்பைப் பார்ப்பதில்லை போலும்!

பாராட்டிலும் வகை உண்டு. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள், பிறகு கடினமான கேள்வி வந்து தோற்றதும் சோர்ந்துபோனார்கள். "நன்றாகப் பாடுபட்டாய்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் விடாமல் முயன்றார்கள்.

"நீ பிறவிக் கலைஞன்டா" என்பதைவிட, "நேத்துப் போட்டதைவிட இன்னைக்கு வாய் வளைவு சரியா வந்திருக்கு" என்பது பெரிய பாராட்டு.

பார்த்துச் சொன்னார் மாலி

குறையைச் சொல்வது மட்டும் திருத்தம் ஆகாது. எது நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதும் திருத்தம்தான்.

நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன் என்ற இளைஞர் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். அது 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பழைய பள்ளி. படிப்பு முடிந்து ஆனந்த விகடனில் சேர்ந்தார். அங்கே மாலி இருந்தார். சிரிப்புப் படங்களில் பெரிய பெயர் வாங்கியவர். கோயில்களையும் சிற்பங்களையும் வரைவதில்தான் இந்த இளைஞரின் கை ஓங்கி நிற்கிறது என்று மாலி கண்டுகொண்டார். "சில்பி" என்று பெயரும் வைத்தார்.

"தென்னாட்டுச் செல்வங்கள்" என்ற தலைப்பில் சில்பி வரைந்த கோயில் படங்களைத் தமிழ்நாடே பார்த்தது. கல்லின் ஒவ்வொரு நெளிவும் பேனாக் கோட்டில் வந்து நின்றது. வரைந்தது சில்பியின் கை. அந்தக் கைக்கு வழி காட்டியது மாலியின் கண்.

உங்கள் பிள்ளைக்கு மனித முகம் வராமல் இருக்கலாம். மரம் நன்றாக வரலாம். மாடு வராமல் இருக்கலாம். மாட்டு வண்டிச் சக்கரம் அற்புதமாக வரலாம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சோறு போடுமா?

கடைசியில் எல்லா அப்பாக்களும் கேட்கும் கேள்வி இது. "படம் போட்டால் சோறு கிடைக்குமா?"

நியாயமான கேள்விதான். தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் உண்டு. "லோயர்", "ஹையர்" என்று இரண்டு படிகள். டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் எழுதும் தேர்வுகள் இவை. ஐ.டி.ஐ.யில் கட்டடப் படவரைவாளர் படிப்பு இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. சென்னையில், சில்பி படித்த பழைய பள்ளி இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஓவியர் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஆசாரி கதவு செய்வதற்கு முன் கோடு போடுகிறார். தையற்காரர் துணியை வெட்டுவதற்கு முன் கோடு போடுகிறார். தட்டார் நகை செய்வதற்கு முன் கோடு போடுகிறார். டாக்டருக்குப் படிக்கும் பெண்ணும் இதயத்தைப் படம் போட்டுப் பாகம் குறிக்கிறாள். உள்ளதை உள்ளபடி பார்க்கத் தெரிந்தவனுக்கு எந்தத் தொழிலிலும் அது கைகொடுக்கும்.

செல்போன் வீடியோவில் இப்போது படம் போடும் பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன. நல்லதுதான். ஆனால் வீடியோவில் பேசுகிற மாஸ்டர் உங்கள் பிள்ளையின் நோட்டைப் பார்த்தவர் அல்ல. பார்ப்பதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

ஐந்து நிமிஷம் போதும்

பிள்ளை நோட்டைக் கொண்டுவந்தால், கையில் உள்ள வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வாய் திறப்பதற்கு முன் படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்து, நாலடி தள்ளி நின்றும் பாருங்கள்.

நன்றாக வந்த ஒன்றை, இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு சரிசெய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று! பத்துத் தப்பு இருந்தாலும் ஒன்பதை நாளைக்கு வையுங்கள். முடிந்தால் சொல்லாமல் கேளுங்கள். எதைக் கேட்டாலும் பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் போட்டுக் காட்டத்தான் வேண்டும் என்றால், வேறு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

அக்கம்பக்கத்தார் முன்னால் குறை சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் படத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டுமானால், போன மாதம் இதே பிள்ளை போட்ட படத்தோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதி போட்டு, ஒரு பையில் சேர்த்துவையுங்கள். கிழித்துப் போட வேண்டாம். பழைய பேப்பர்காரருக்கும் போட வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பிள்ளையின் முன்னால் வையுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. பிள்ளையே பேசும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். பிள்ளையின் ஆசைதான் அந்தச் சுவர். கோணல் கோட்டை நாளைக்கு நிமிர்த்திக்கொள்ளலாம். சுவர் இடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.